மாப்பிள்ளை அனுப்பிய மண்ணும் பாலும்

முகைதீன்பாவா இந்த உலகத்தில் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான், அது அவருடைய நாக்கு. கல்முனைக்குடியில் கந்தூரி என்றாலும் கலியாணம் என்றாலும் அடுப்பில் கிடாரம் ஏற்றிச் சமைப்பது அவர்தான். கொதிக்கிறதில் ஒரு சொட்டை அகப்பையால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்குவார். "உப்பு சரி" என்பார். அதற்குப் பிறகு பள்ளிவாசல் தலைவரே வந்து சொன்னாலும் ஒரு கல் உப்புக் கூடாது, குறையாது. மற்றதெல்லாம் அவருக்குச் சந்தேகம். டாக்டர் கொடுத்த குளிசையை மணந்து பார்ப்பார். ரேடியோவில் மழை வரும் என்றால் அன்றைக்கென்று மிளகாயை முற்றத்தில் காயப்போடுவார். சுனாமி வீட்டுத்திட்டத்தில் வீடு கொடுத்த அன்று, கழுத்தில் மாலையோடு நின்ற வெளிநாட்டுக்காரர் வீட்டுக் கதவின் திறப்பைக் கையில் தந்தபோது மற்றவர்கள் அழுதார்கள். அவர் மட்டும் மொழிபெயர்க்க நின்றவரைப் பார்த்து, "இது எப்ப ஒழுகும் எண்டு கேளுங்க," என்றார்.

அந்த வருஷ மாரியிலேயே ஒழுகியது.

கட்டினவர்கள் கெட்டவர்கள் இல்லை. கடல் திரும்ப வந்தால் சனம் ஏறித் தப்பட்டும் என்றுதான் ஓடு போடாமல் கொங்கிறீற்றில் தட்டைக் கூரை போட்டு, வெளிப்பக்கத்தால் ஒரு படிக்கட்டும் வைத்தார்கள். கடலை யோசித்தவர்கள் வானத்தை மறந்துபோனார்கள். மாரி பிறந்தால் கூரைமேல் தண்ணீர் வயலில் நிற்பதுபோல நிற்கும், வரப்புக் கட்டினால் நாற்று நடலாம். அது மெல்ல இறங்கி முன் அறையில் ஓரிடம், மகள் ஸம்றாவின் அறையில் ஓரிடம், குசினியில் அடுப்புக்கு நேரே ஓரிடம் என்று சொட்டும். ஒரு நிறுவனம் வந்து தார் பூசியது. கோடையில் தார் உருகிச் சுவரில் வழிந்தது. இன்னொரு நிறுவனம் தடித்த பொலித்தீன் விரித்தது. கச்சான் காற்றில் அது எழும்பிப் போய், பிறகு பார்த்தால் பாண்காரனின் வண்டிக்கு மேல் கிடந்தது. பாண்காரன் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. தந்தால் பாண் நனையும் என்று மட்டும் சொன்னான்.

ஒழுகினால் ஒழுகட்டும் என்று இருந்திருக்கலாம், ஸம்றாவுக்கு மாப்பிள்ளை பேசாமல் இருந்திருந்தால். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுடையது. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார், பெற்றவர்கள் பின்னால் ஒரு பத்தி இறக்கிக்கொண்டு ஒதுங்குவார்கள். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை நஸீம், கெம்பஸில் படிப்பிக்கிற பிள்ளை. அவருடைய உம்மா ஹாஜறா போன மாரியில் வீடு பார்க்க வந்தார். முன் அறையில் கதிரை போட்டு பிளேன்ரீ கொடுத்தார்கள். ஒரு சொட்டு நேரே கோப்பைக்குள் விழுந்தது. கதிரையைத் தள்ளிப் போட்டார்கள். அடுத்த சொட்டு முக்காட்டில் விழுந்தது. ஹாஜறா முகம் சுளிக்கவில்லை. மழைத்தண்ணீரையும் சேர்த்துக் குடித்து முடித்துவிட்டு, வாசல் படலையடியில் வைத்து, அண்ணன் முறை கூப்பிட்டுச் சொன்னார்:

"நஸீமுக்குச் சின்ன வயசுல இருந்தே இழுப்பு, காக்கா. ஒழுக்கு நிக்கட்டும். மறுகா தேதி வைப்பம்."

நியாயமான பேச்சு. அதுதான் முகைதீன்பாவாவுக்குப் பெரிய கரைச்சல். நியாயமில்லாத பெண் என்றால் அவர் சண்டை பிடித்தே காரியத்தை முடித்திருப்பார்.

ஊரில் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: கூரைக்கு மேல் கம்பு நட்டுத் தகரம் போடு. அவருடைய பழைய கூட்டாளி, பாண்டிருப்பு மேசன் சாமித்தம்பி, ஏறி அளந்தும் பார்த்தார். ஸம்றா மாட்டேன் என்றாள்.

"தகரத்தால மூடினா நான் எங்க வாப்பா ஏற?" என்று கேட்டாள்.

முகைதீன்பாவா அந்த நாளைப் பற்றிக் கதைக்க மாட்டார். இவ்வளவுதான்: கடல் வந்த அன்று ஸம்றாவைத் தண்ணீர் அள்ளிக்கொண்டு போனது. பள்ளிக்கூடப் படிக்கட்டு ஒன்று கையில் தட்டுப்பட்டதால் மொட்டைக் கூரையில் ஏறினாள். மறுநாள்தான் அவர் அவளைக் கண்டார். அன்றிலிருந்து மேலே ஏற வழியில்லாத வீட்டில் அவளுக்குக் கண் மூடாது. அன்றிலிருந்து அவரும் அவள் மாட்டேன் என்ற எதையும் செய்ததில்லை.

ஆகவே கூரை திறந்தும் இருக்க வேண்டும், ஒழுகவும் கூடாது, அதுவும் அடுத்த மாரிக்கு முந்தி. வைகாசியில் யுத்தம் முடிந்தது. தள்ளிப்போட்டுக் கிடந்த கலியாணங்கள் எல்லாம் ஊரில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. முகைதீன்பாவா மற்றவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் சோறாக்கினார். தின்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டே, உங்கட மகள்ர எப்ப காக்கா என்று கேட்டார்கள். அவர் அடுப்பை அணைக்கப் போய்விடுவார்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையிடமிருந்து சேதி வந்தது. கூரைக்கு அவரிடம் ஒரு வழி இருக்கிறதாம். கெம்பஸில் அவர் செய்கிற வேலையே அதுதானாம். ஆனால் நிக்காஹ்வுக்கு முந்தி மாப்பிள்ளை பெண்வீட்டு முற்றத்தில் கால் வைப்பதில்லை, கூரையில் ஏறினால் ஊர் எதைக் கதைக்கும், எதை விடும்? அதனால் அவர் சொல்லித் தருவார், மாமா செய்ய வேண்டும். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் சந்தித்தார்கள். துணைக்குச் சாமித்தம்பியும் போனார்.

நஸீம் ஒல்லிப் பிள்ளை, கண்ணாடி போட்டவர், கதைக்கும்போது கண் மேசையில்தான் நிற்கும். வந்த பராட்டாவைத் தின்னாமல் தட்டில் வைத்து ஏடு ஏடாக உரிக்கத் தொடங்கினார்.

"மாமா, ஒரு சாதிக் களிமண் இரிக்கி. குழாய்க்கிணறு தோண்டுற ஆக்கள் பாவிக்கிற. பாக்கத் தூள்தான். ஆனா ஒவ்வொரு பொடியும் இந்தப் பராட்டா மாதிரி, ஏட்டுக்கு மேல ஏடு."

"ஆறுது தம்பி, சாப்பிடுங்க," என்றார் முகைதீன்பாவா. 'மருமகன்' என்ற சொல்லை அவர் ஒழுக்கு நிற்கும்வரை வெளியே எடுப்பதாக இல்லை.

நஸீம் உரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஏட்டில் பல்லாயிரத்தை அடுக்கினாலும் ஒரு தலைமயிரின் தடிப்பு வராதாம். மண்ணைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கலக்கி, ஊற விட்டால் தண்ணீர் ஏட்டுக்கு இடையில் புகுந்து ஒவ்வொன்றாகப் பிரிக்குமாம். பிறகு பெயின்ற் செய்கிறவர்கள் பாவிக்கிற ஒரு வெள்ளைப் பால் இருக்கிறது, தண்ணீரில் கரைந்தது, தேங்காய்ப்பால் மாதிரி. இரண்டையும் சேர்த்துக் கூரையில் பூசினால் தண்ணீர் காய்ந்து பால் ஒரு தோலாகிவிடும். தோலுக்குள் மண்ணேடெல்லாம் படுத்துக் கிடக்கும், ஒன்றின் விளிம்பில் மற்றது. மேலே இருந்து இறங்குகிற தண்ணீர் ஓர் ஏட்டில் முட்டும், சுற்றிப் போகும், அடுத்ததில் முட்டும்.

"நம்மட ஆக்கள் சண்டைக் காலத்துல கொழும்புக்குப் போன மாதிரி மாமா. செக்பொயின்ற்றுக்குச் செக்பொயின்ற் இறங்கி, நடந்து, ஏறி. தண்ணி கீழ வந்து சேர முந்திக் கோடை வந்திரும்."

இது முகைதீன்பாவாவுக்கு உடனே விளங்கியது. ஒருமுறை கண் காட்டக் கொழும்புக்குப் போனவர் அவர். இறங்கி ஏறி இறங்கி ஏறிப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். ஆனால் விளங்கியதும் சந்தேகம் வந்தது.

"யுத்தம்தான் முடிஞ்சிட்டே. இனிச் செக்பொயின்ற் எல்லாம் எடுத்திருவானுகளே?"

"இத எடுக்க மாட்டாங்க மாமா," என்றார் நஸீம், சிரிக்காமல்.

பாலில் பன்றிக் கொழுப்பு ஏதும் உண்டா என்று முகைதீன்பாவா கேட்டார். இல்லை. இவ்வளவு நல்ல சாமான் என்றால் ஏன் ஒருவனும் இதுவரை பூசவில்லை? நஸீம் அதற்கு மேசையைப் பார்த்தபடி, பூசுகிறார்கள், ஆனால் இங்கே இல்லை என்றார். கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னார். கடல் வந்த பிறகு கிணற்றுத் தண்ணீரெல்லாம் உவர். அதைத் தொடவே கூடாது, பவுசர் லொறி கொண்டுவருகிற தண்ணீர்தான். உப்புப் பட்டால் பிரிந்த ஏடெல்லாம் திரும்ப ஒட்டிக்கொள்ளும், பாலும் திரையும். உப்பு மட்டும் படப்படாது மாமா என்று எழும்பும்போதும் சொன்னார், படியில் இறங்கும்போதும் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் முகைதீன்பாவா முணுமுணுத்தார். உப்பைப் பற்றி அவருக்கே படிப்பிக்க ஒரு பிள்ளை வந்துவிட்டது.

நஸீம் கொழும்பிலிருந்து எடுப்பித்து அனுப்பிய சாமானைச் சாமித்தம்பியின் லேண்ட்மாஸ்டர் வண்டியில் ஏற்றி வந்தார்கள், சாக்கில் சாம்பல் நிறத் தூள், மூடி போட்ட பரலில் வெள்ளைப் பால். யுத்தம் முடிந்தும் எடுக்காமல் வைத்திருந்த ஒரு செக்பொயின்ற்றில் மறித்தார்கள். பொலிஸ்காரர் சாக்கை அவிழ்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் இது என்ன என்று கேட்டார். மண் என்றார் முகைதீன்பாவா.

"மண் வாங்கிறதா? ரோட்டில மண் நிறைய இருக்குதானே?"

"அதத்தான் சேர் நானும் கேட்டன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கரையில் தன்னைப்போல யோசிக்கிற ஒரு மனிசனை முகைதீன்பாவா அன்றுதான் கண்டார். பாலை மணந்து பார்த்த பொலிஸ்காரர் இது குடிக்கிறதா என்றார். கூரைக்கு என்று சொன்னதும் சாமித்தம்பியைப் பார்த்தார். சாமித்தம்பி வானத்தைப் பார்த்தார். போங்கள் என்று விட்டுவிட்டார்கள், சந்தேகம் தீர்ந்து இல்லை, பரிதாபப்பட்டு.

கலக்குகிற பாத்திரத்தில்தான் முதல் பிரச்சினை. பிளாஸ்ரிக் பரலில் கலக்கச் சொல்லித்தான் நஸீம் சொல்லியிருந்தார். முகைதீன்பாவாவுக்குப் பிளாஸ்ரிக்கில் நம்பிக்கை இல்லை. கலக்குகிறதென்றால் கிடாரம், துடுப்பு, தன் சமையல் கொட்டில். சோறாக்குற கிடாரத்துல பெயின்றா என்று அவருடைய மனைவி சுஹறா தலையில் கை வைத்தாள். அதற்கென்று ஒரு கிடாரம் இருக்கிறதே என்றார். விளிம்பு வெடித்த பழைய கிடாரம். கடல் அதைத் தூக்கிக்கொண்டு போய் வயல் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தது, தேடி எடுத்து வந்து முகாமில் சனத்துக்குக் கஞ்சி காய்ச்சினார். பிறகு விருந்துக்கு ஏற்றவில்லை. அதைக் கொட்டிலில் வழக்கமான மூன்று கல்லின்மேல் வைத்தார், நெருப்பு மட்டும் இல்லை. வலக்கைப் பக்கத்துக் கம்பில் வழக்கம்போல உப்புச் சட்டி தொங்கியது, இடக்கைப் பக்கத்தில் துடுப்புகள்.

பவுசர் தண்ணீர் விட்டு, சாமித்தம்பி ட்றில் மெசினில் ஒரு கம்பித் துடுப்பைப் பூட்டிச் சுழற்ற, முகைதீன்பாவா மண்ணை விரலிடுக்கால் தூவினார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, மாவைக் கட்டிபடாமல் தூவிய கை. மெசின் நின்ற பிறகு, மெசினை நம்பாமல், தன் நீளத் துடுப்பால் திரும்பவும் கலக்கினார். அடுத்த நாள் காலையில் மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரும் இல்லை, மண்ணும் இல்லை. பசையாகி, தட்டினால் கிடாரம் முழுக்க நடுங்கியது. வாயால் சொல்லவில்லையே தவிர அது அவருக்குப் பிடித்துப்போனது. போனில் சொன்னபோது நஸீமின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஏடு பிரிந்துவிட்டது மாமா, இனிப் பாலை மெல்ல மெல்ல விட்டுக் கலக்குங்க என்றார்.

பாலில் பாதியைத்தான் கிடாரம் கொண்டது. சாமித்தம்பி ஊற்ற, முகைதீன்பாவா துடுப்பைச் சுழற்றினார். வெள்ளை, அப்படி ஒரு வெள்ளை, நல்ல தேங்காயின் தலைப்பால் தோற்றுப்போகும். கலக்கி முடித்து, கையைத் தட்டி, மூடி போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியை எடுத்தால், கலங்கிய தண்ணீர் அடியில், மேலே வெள்ளைக் கட்டி கட்டியாக ஏதோ மிதக்கிறது. தயிரும் இல்லை, மோரும் இல்லை.

"திரைஞ்சு போச்சு காக்கா," என்றார் சாமித்தம்பி.

நஸீம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டார். கிணற்றுத் தண்ணியா? இல்லை. கடல் தண்ணி தெறிச்சதா? இல்லை. தேசிக்காய், புளி ஏதும்? நான் என்ன ரசமா வைக்கிறேன் என்று முகைதீன்பாவா ஏறி விழுந்தார். நஸீம் எல்லாவற்றையும் திரும்ப ஒருதரம் கேட்டார். பிறகு, அப்படியென்றால் பிழை தன்னுடையதுதான் என்றார். கெம்பஸில் சின்னப் போத்தலில் சரிவந்தது வெளி வெக்கையில், பெரிய பாத்திரத்தில் வராதுபோல. உம்மாவை ஏமாற்ற முடியாது, பின்னேரம் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவார். இந்த மாரி போகட்டும், அடுத்த வருஷம் பார்ப்போம் மாமா.

முகைதீன்பாவா போனை வைத்தபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லக் கிடைப்பதைப்போல மனிசனுக்கு வேறு என்ன சந்தோஷம்? வேலியால் எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னார்: அது கள்ளப் பால். கொழும்பான் தண்ணி கலந்து, மா கலந்து, என்னத்தையோ கலந்து அனுப்பியிருக்கிறான். மண்ணில் பிழை இல்லை, மண்ணைக் கலக்கியது யார்?

அப்போது ஸம்றா கொட்டிலுக்குள் வந்து கிடாரத்தை எட்டிப் பார்த்தாள். திரும்பி, வெளிப் படிக்கட்டால் ஏறி, கூரையில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். முகைதீன்பாவாவின் முகத்து வெளிச்சம் அதோடு போனது.

போனது போகட்டும், கொழும்பானின் களவையாவது நிரூபிக்க வேண்டும். அதற்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு கருவி. சுஹறா வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டு, கிடாரத்துக்குள் விரலைத் தோய்த்து, நாக்கு நுனியில் வைத்தார். கண்ணை மூடினார்.

"உப்பு சரி," என்றார் முகைதீன்பாவா.

அவர் சொல்லவில்லை. வாய் தன்பாட்டில் சொன்னது, நாற்பது வருஷம் சொன்ன வாய். சொன்ன பிறகுதான் அது அவருடைய காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தார். சாமித்தம்பி கம்பில் தொங்கிய உப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்று விளிம்புவரை இருந்த உப்பு அரைச் சட்டிக்குக் கீழே போயிருந்தது. மூடி நிலத்தில் கிடந்தது.

"காக்கா..."

"கதைக்காத."

அவர் அடுப்புக் கல்லில் உட்கார்ந்து தன் வலக்கையைப் பார்த்தார். வேறொருவனின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நெய்ச்சோற்றுக்குத் தேங்காய்ப்பால் விட்டுத் துடுப்பைச் சுழற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லி உப்பை அள்ளி எறிகிற கை. பால் விட்டால் உப்பு. யாரையும் கேட்டுச் செய்ய அந்தக் கைக்குப் பழக்கமில்லை. கிடாரம் தெரிந்தது, பால் தெரிந்தது, உப்புக்குப் போய்விட்டது. பிளாஸ்ரிக் பரலில் கலக்கியிருந்தால் அந்தக் கைக்கு ஒன்றும் விளங்கியிராது.

சுஹறா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் பின்னால் போனாள். அவளுடைய சிரிப்பு வேலியையும் தாண்டிக் கேட்டது.

இனி என்ன செய்வது? பேசாமல் இருக்கலாம். சாமித்தம்பி கூட்டாளி, சொல்ல மாட்டார். சுஹறா சொல்லுவாள், ஆனால் வருஷம் பிந்தித்தான் சொல்லுவாள். வெளியே தெரிந்தாலோ, முகைதீன்பாவா பெயின்ற்றுக்கு உப்புப் போட்ட கதையை ஊர் பேரப்பிள்ளைகள் காலம்வரை தின்னும். ஒவ்வொரு கலியாணத்திலும் எவனாவது ஒருவன் கிடாரத்தடிக்கு வந்து, காக்கா இது சோறா கூரையா என்று கேட்பான். அந்தப் பக்கத்தில், ஒரு பிழையும் செய்யாத பிள்ளை பின்னேரம் உம்மாவுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, என்னால் முடியவில்லை என்று சொல்லப்போகிறது. தேதி போய்விடும். அவர் மேலே பார்த்தார். ஸம்றா அப்படியே இருந்தாள், காற்றில் முக்காடு மட்டும் அசைந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. எழும்பி உள்ளே போய், போனை அழுத்தித் தரச் சொன்னார் சுஹறாவிடம்.

"தம்பி, உம்மாக்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இப்பதான் மாமா சொல்லப் போறன். பிழை என்னிலதான்..."

"உங்களில ஒரு பிழையும் இல்ல. பாலும் நல்ல பால்தான். உப்புப் போட்டது நான்."

படித்த பிள்ளை படித்த பிள்ளையாகவே கேட்டது:

"எவ்வளவு போட்டீங்க மாமா?"

"சரியான அளவு."

"ஏன்... ஏன் போட்டீங்க?"

"பால் விட்டா உப்புப் போடணும்," என்றார் முகைதீன்பாவா. அதைவிட உண்மையான பதில் அவரிடம் இல்லை.

போனுக்குள் ஒரு பெண் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு அடக்க மாட்டாமல் வாய்விட்டு. நஸீம் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பக்கத்தில் ஹாஜறா இருந்தார்.

மிச்சமிருந்த மண்ணை ஊறவைத்து, மிச்சப் பாதிப் பாலை அந்தக் கிழமையே கலக்கினார்கள். கிடாரத்தைக் கவிழ்த்துவிட்டு பிளாஸ்ரிக் பரல். உப்புச் சட்டியை நாலு வீடு தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். அதுவும் போதாதென்று சுஹறா தன் பழைய சேலைத் துண்டால் புருஷனின் வலக்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டாள். அவர் கதிரையில் இருந்துகொண்டு இடக்கையால் கட்டளை போட்டார். சாமித்தம்பி மெசினைப் பிடித்தார். பாலை விட ஸம்றா தானே இறங்கி வந்தாள். நூல் பிடித்த மாதிரி, நிற்காமல், அவசரப்படாமல் விட்டாள். பால் விட்டு முடிகிற நேரத்தில் கட்டுக்குள் கை ஒருமுறை துடித்ததை முகைதீன்பாவா உணர்ந்தார். வெயில் தாழ்ந்த பிறகு கூரையில் நீளப்பாட்டுக்கு ஒருதரம் பூசி, காயவிட்டு, மறுநாள் குறுக்குப்பாட்டுக்கு ஒருதரம் பூசினார்கள். பூசும்போது பால் வெள்ளை, காய்ந்ததும் மங்கிய கண்ணாடி. முகைதீன்பாவா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். மறுநாளும் ஊற்றினார். வாளியை நம்பாமல் வேறு வாளியால் ஊற்றினார்.

மாரி வழக்கத்தைவிட முரட்டுத்தனமாகப் பிறந்தது. முதல் பெருமழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே குடையைப் பிடித்துக்கொண்டு ஹாஜறா வந்து இறங்கினார். கதிரையை எடுத்துப் போன வருஷம் இருந்த அதே இடத்தில் தானே போட்டார், பிளேன்ரீ கேட்டார், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேலே தண்ணீர் விழுகிற சத்தம், வாய்க்காலில் இறங்குகிற சத்தம். முகைதீன்பாவா முகட்டைப் பார்த்தபடி நின்றதில் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தேநீர் முடிந்தது. ஹாஜறா கோப்பைக்குள் பார்த்தார், முக்காட்டைத் தடவிப் பார்த்தார், இன்னொரு கோப்பை கேட்டார். அதுவும் முடிந்த பிறகு, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை சரிவருமா காக்கா என்றார்.

"மருமகன்ட கேளுங்க," என்றார் முகைதீன்பாவா. உள்ளறையில் ஸம்றாவின் வளையல் சத்தம் கேட்டது.

கலியாணச் சோற்றை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல்லி எல்லோரும் கெஞ்சினார்கள். பெண்ணின் வாப்பா அன்றைக்கு நிக்காஹ்வில் இருக்க வேண்டும், அடுப்படியில் அல்ல. வேறு ஆளை அவர் நம்புவாரா? நல்ல கிடாரங்களை ஏற்றி, நெய் விட்டு, பால் விட்டுத் துடுப்பைச் சுழற்றினார். கை உப்புச் சட்டிக்குப் போனது. போன கை நடுவழியில் நின்றது. அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளை வந்துவிட்டார், மௌலவி காத்திருக்கிறார் என்று வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் மகளைக் கையளித்து, கண்ணைத் துடைத்து, திரும்பி வந்தபோது கிடாரம் இறங்கி, பலர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டுகளை வைத்து, சனம் சுற்றி உட்கார்ந்துவிட்டது.

முதல் வாய் வைத்தவர்கள் நிமிர்ந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவருக்கு விளங்கியது. பக்கத்துச் சஹனில் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தார். நெய் சரி, ஏலம் சரி, வேக்காடு சரி. உப்பு என்பது அந்தச் சோற்றைக் கண்டதே இல்லை.

பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து திரைக்குப் பின்னால் ஹாஜறாவின் குரல் வந்தது.

"காக்கா, கூரைக்குப் போட்டதச் சோத்துக்குப் போட்டிருக்கலாமே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அடக்கவில்லை. சாமித்தம்பி சிரித்து இருமி, தண்ணீர் கொடுக்க வேண்டி வந்தது. முகைதீன்பாவா போய்க் கம்பிலிருந்து உப்புச் சட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்து, சஹன் சஹனாகக் குனிந்து ஒவ்வொரு கிள்ளு வைத்தார். கடைசியாக மாப்பிள்ளையின் சஹனுக்கு வந்தார்.

"உப்பு, மருமகன்."

நஸீம் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். மேசையைப் பார்க்கிற பிள்ளை அன்று நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தது.

"சரியான அளவு மாமா."

வெளியே மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தனை சனத்தின் தலையிலும் ஒரு சொட்டு விழவில்லை. முகைதீன்பாவா சட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முகட்டை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார், சாமித்தம்பியின் காதுக்குக் குனிந்தார்.

"இந்த வருஷம் சரி," என்றார். "வாற மாரிக்குப் பாப்பம்."